யாருடைய வலி இது

வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். பங்குச்சபையில் சேகண்டி இரண்டு தட்டுத் தட்டியது.

ஒரு தட்டு என்றால் சாப்பாடு. மூன்று என்றால் சாவு. இரண்டு தட்டுக்கு அங்கே ஒரே அர்த்தம்தான்: சபையை விட்டுப் போனவர் யாரோ வாசலில் வந்து நிற்கிறார். அப்படிப் போனவர்களுக்குக் கழன்றவர்கள் என்று பெயர்.

பட்டறையில் வேலையாக இருந்த மயிலாத்தாள் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். வாசல் இருப்பது கிழக்கே. கிழக்குக்கு முதுகைக் காட்டி நின்றாள். சமையல்கட்டில் வெங்காயம் உரித்தவர்கள் உரித்த கையோடு திரும்பி நின்றார்கள். தறிக்கூடத்தில் தறி நின்றது. தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மேற்கே பார்த்தார்கள். இருநூற்றுப் பதினாறு முதுகுகள். மாடுகள் மட்டுந்தான் வாசலைப் பார்த்தன. அவற்றுக்கு யார் வந்தாலும் ஒன்றுதான்.

பிறகு அது வந்தது. நெஞ்சுக்குழிக்குள் யாரோ கையை விட்டு முறுக்குவது போல ஒரு வலி. மயிலாத்தாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வந்திருப்பது யார் என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். அவள் பெற்ற ஒரே மகள் அமராவதி. நாலு வருஷத்துக்கு முன்னால் கழன்றவள். இரண்டு மாதமாக வியாழன்தோறும் வந்து நிற்கிறாள்.

இந்தச் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வலி எத்தனை அதிசயம் என்பது விளங்காது. உடுமலைக்குத் தெற்கே, காற்றாலைகள் சுற்றுகிற பொட்டலில், இருபத்தாறு வருஷமாக இருக்கிற சபை அது. அங்கே ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் எலும்போடு ஒட்டி ஒரு முத்து இருக்கும். புளியங்கொட்டை அளவுதான். உடம்பில் எங்கே வலி கிளம்பினாலும் அதை அந்த முத்து நடுவிலிருக்கும் கோபுரத்துக்கு அனுப்பிவிடும். கோபுரம் அதை எல்லோருக்கும் சமமாகப் பிரித்துத் திருப்பி அனுப்பும். ஒருவருக்குப் பல் தெறித்தால் இருநூற்றுப் பதினாறு பேருக்கும் ஈறில் எறும்பு ஊர்ந்தது போல இருக்கும், அவ்வளவுதான். பிரசவத்தின்போது பெண்கள் பேசிக்கொண்டே பெற்றார்கள். ஒரு காலத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்து பார்த்துக் கைவிட்ட வைத்தியம் அது. அங்கே வேலை பார்த்த ஒருவர் முத்துகளை எடுத்துக்கொண்டு இந்தப் பொட்டலுக்கு வந்து, அதை வேதமாக்கினார். வலிக்குச் சொந்தக்காரர் கிடையாது என்றார். அவர்தான் ஆதிமூப்பர். அவர் வைத்துப்போன கட்டளை ஒன்றே ஒன்று: யாருடையது என்று கேளாதே.

யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. இந்தக் குடைச்சல் யாருடையது என்று தெரிந்தால், 'அவன் வெல்லத்தை அள்ளித் தின்றான், நான் ஏன் பல்வலி சுமக்கிறேன்' என்று சண்டை வரும். தெரியாவிட்டால் எல்லாம் எல்லோருடையது. மயிலாத்தாள் இருபது வயசுப் பெண்ணாகப் புருஷனோடு வந்து சேர்ந்தாள். முத்துகளைப் பழுது பார்க்கும் வேலையைத் தானாகவே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். இப்போது அவள்தான் சபைக்கு முத்துக்காரி.

வலி ஒரு கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போனது. போனதும் ஆள் வந்தது, மூப்பர் கூப்பிடுகிறார் என்று.

மூப்பர் நஞ்சப்பனுக்கு எழுபதைத் தொடும் வயசு. கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. யாராவது புதிதாகச் சேர்ந்தால் முதல் நாள் அவரே தண்ணீர் மொண்டு கால் கழுவி விடுவார். அன்றைக்கு நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"வா அம்மிணி. உக்காரு."

"இருக்கட்டுங்க மூப்பரே."

"உன்ற மகதான் வந்துருந்தா."

"தெரியுமுங்க."

"பாவாத்தாளுக்கு எலும்புல புத்து. அவ வலியே நமக்கு எப்படி வருது? நண்டு கிள்ளுனாப்ல வருது, போயிருது. பங்கு போட்டா எதுவுமே அவ்வளவுதான். இது மட்டும் ஏன் இப்படிக் கொல்லுது? இருநூத்திப் பதினாறா வகுத்ததுக்கப்புறமும் இத்தன வலின்னா, அந்தப் புள்ள மேல எவ்வளவு பெரிய விஷம் இருக்கோணும்! நீயே சொல்லு."

மயிலாத்தாள் மெதுவாகக் கேட்டாள். "பால்காரர் தெனம் வர்றாருங்க. கரண்டு ஆபீசுல இருந்து வர்றாங்க. அவங்க யாரு வந்தும் நமக்கு வலிச்சதில்லீங்களே."

"அவங்க அன்னியம், அம்மிணி. நம்மளத் தெரியாதவங்க. மழை பேஞ்சா ஓடு தாங்கிக்கும். ஓட்டுக்கு அடியில இருந்து ஒருத்தன் கம்பால குத்துனா? கழன்றவங்களுக்கு நம்ம பாட்டு தெரியும், நாம எங்க பயப்படுவோம்னு தெரியும். நாம சொன்னதெல்லாம் ஒரு காலத்துல அவங்களும் சொன்னவங்க. இப்ப வெளிய நின்னு அரிசியும் பருப்பும் தின்னுட்டு நல்லாத்தான் இருக்கறாங்க." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கடைசியில் சொன்னது அவர் சொல்ல நினைத்தது இல்லை போலிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒவ்வொருத்தர் போறப்பவும் மிச்சமிருக்கறவங்களுக்குப் பங்கு ஏறுது. நாப்பத்தியொரு பேரு போயிட்டாங்க. இன்னும் அம்பது பேரு போனா பாவாத்தா கதறுவா. நாம தாங்குவமா?"

"நான் என்ன பண்ணோணுங்க?"

"மூலக்கண்ணைத் தொற."

கோபுரத்தின் இயந்திரத்தில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. எந்த வலி எங்கிருந்து கிளம்புகிறது என்று காட்டுவது. ஆதிமூப்பர் அதை அரக்கு வைத்து மூடிவிட்டுப் போனார். திறந்தவர் யாரும் இல்லை.

"அது பாவமல்லங்க?"

"நம்ம ஆளுக வலிய யாருதுன்னு பாத்தாத்தான் பாவம். இது வெளிய இருந்து வர்றது. எந்த வழியா உள்ள வருதுன்னு பாத்துச் சொல்லு. ஞாயித்துக்கெழமை சபையில சொல்லு. எங்கிட்டக்கூட முந்திச் சொல்ல வேண்டாம். விஷம்னு தேறிருச்சுன்னா இந்த எடமே நமக்கு வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் ரோடில்லாத எடம் ஒண்ணு பாத்து வெச்சிருக்கறேன். அமாவாசைக்குள்ள எல்லாரும் கெளம்பிருவோம். கழன்றவங்க யாரும் தேடி வர முடியாது."

அமாவாசைக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. ரோடில்லாத இடம். மயிலாத்தாள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். மகளை இனி எந்தக் காலத்திலும் பார்க்க முடியாதபடி செய்கிற வேலையை அவள் கையிலேயே கொடுத்தாகிவிட்டது.

அடுத்த வியாழன் அவள் அரக்கை உடைத்தாள். சிலேட்டு போன்ற கைப்பலகையை இயந்திரத்தோடு இணைத்துக்கொண்டு வாசலுக்கே போனாள். விஷத்தைக் கிட்ட நின்று அளக்க வேண்டுமென்று மூப்பர் உத்தரவு கொடுத்திருந்தார். பார்க்கலாம், பேசக் கூடாது.

கம்பிக் கதவுக்கு வெளியே அமராவதி நின்றாள். வயிறு முன்னே தள்ளியிருந்தது. மயிலாத்தாளுக்கு அதுவரை அது தெரியாது. இரண்டு மாதமாக முதுகைக் காட்டி நின்றவளுக்கு எப்படித் தெரியும்?

"பரவால்லயே, எல்லாருக்கும் மூஞ்சியே முதுகுப் பக்கம் போயிருச்சுன்னு நெனச்சேன். உனக்கு இன்னும் மூக்கு அங்கயேதான் இருக்குது," என்றாள் அமராவதி. சிரிக்கப் பார்த்தாள். கீழுதடு ஒத்துழைக்கவில்லை.

காவல்காரர் காளியண்ணன் சேகண்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மேற்கே திரும்பிக்கொண்டார். மயிலாத்தாள் நெஞ்சுக்குள் அந்தக் கை நுழைந்து முறுக்கியது. பலகையைப் பார்க்க வேண்டியவள் மகளின் வயிற்றையே பார்த்தாள்.

"ஒம்பதாவது மாசம்மா. வர்ற பதினெட்டாந் தேதின்னு டாக்டரு சொல்லிருக்கறாங்க. சீரு வேண்டா, வளையல் வேண்டா. உங்க முத்து எனக்கு வேண்டவே வேண்டா. என்ற வலிய யாரும் பங்கு போட வேண்டாம், நான் பாத்துக்கறேன். நீ பக்கத்துல வந்து இருந்தாப் போதும். அதச் சொல்லத்தான் வாராவாரம் வர்றேன். இந்த மாமாகிட்டச் சொன்னா முதுகு கேட்டுக்குது, ஆளு கேக்க மாட்டீங்கறாரு."

காளியண்ணனின் முதுகு லேசாக அசைந்தது.

மயிலாத்தாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பேசக் கூடாது.

"கோவமா? எங்கப்பன் செத்தன்னிக்கு நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியுமா? எனக்கு அழுகையே வரலைம்மா. பொணத்துகிட்ட உக்காந்துருக்கறேன், நெஞ்சுல எறும்பு ஊர்ந்தாப்ல இருக்குது. என்னைத் தோள்ல தூக்கிட்டுச் சந்தைக்குப் போன மனுசனுக்கு ஒரு எறும்புதானா? என்ற அப்பனுக்கு நான் அழுவோணும்னுதான் கழன்டேன். வெளிய போய் ரெண்டு மாசம் அழுதேன். வலிச்சுது. நல்லா இருந்துச்சு."

"கண்ணு," என்று மயிலாத்தாள் வாயிலிருந்து வந்துவிட்டது. மூப்பரின் உத்தரவு போயிற்று. போனது போனதுதான் என்று அவளும் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீ வந்தா எங்களுக்கு நெஞ்சு வலிக்குது கண்ணு. எல்லாருக்கும். உம்மேல விஷம்னு சொல்றாங்க."

"நான் வந்தாலா?" அமராவதி புருவத்தைச் சுருக்கினாள். "போன திங்கக்கெழமையுங்கூட வந்தேனே. காளியண்ணன் மாமா இல்ல, காய்ச்சலாமா. அரை மணி நேரம் இங்கயேதான் நின்னேன். உள்ள தறிச்சத்தங்கூட நிக்கல. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"திங்கக்கெழமையா?"

"ஆமா. பதினோரு மணிக்கு."

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மயிலாத்தாள் பட்டறையில்தான் இருந்தாள். அன்றைய கணக்கு அவளுக்கு ஞாபகம் இருந்தது. பாவாத்தாளின் எலும்பு, யாருடையதோ ஒரு தலைவலி, யாரோ சுட்டுக்கொண்ட விரல். நெஞ்சில் ஒன்றுமே இல்லை. விஷம் வாசலில் அரை மணி நேரம் நின்றிருக்கிறது, ஒரு பொட்டு வலி உள்ளே வரவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் அவள் மகள் இல்லை. சேகண்டி.

அவள் பலகையைப் பார்த்தாள். வெளியிலிருந்து உள்ளே வரும் கோடு ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். வாசல் பக்கம் வெறுமையாக இருந்தது. வளாகத்துக்குள்தான் பெரிதும் சிறிதுமாகப் புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தது. சமையல்கட்டில், தறிக்கூடத்தில், தோட்டத்தில். ஒவ்வொரு முத்தும் தனித்தனியாக. இருநூற்றுப் பதினாறும்.

எண்ணிப் பார்த்தபோது அவளுக்குப் புரிந்தது. ஒரே ஒருவருடைய வலியைத்தான் பங்கு போட்டால் குறையும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவரவர் வலி வந்தால், பங்கு போட்டாலும் அவரவருக்கு ஏறக்குறைய அதே அளவுதானே திரும்பி வரும்? கொடுத்ததையே வாங்கிக்கொள்கிறார்கள். அந்தச் சபையில் எல்லோரும் முழுசாக அனுபவித்த ஒரே வலி அதுதான். அதனால்தான் அது அன்னியமாகத் தெரிந்திருக்கிறது. தன்னுடையது என்று ஒன்று எப்படி இருக்கும் என்பதே மறந்துபோன ஜனங்கள்.

"என்னம்மா? என்ன போட்டிருக்குது அதுல?"

"ஒண்ணுமில்ல சாமி. வெயில்ல நிக்காத, போ. நான்..." வருகிறேன் என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. "போ. மெதுவாப் போ."

பாவாத்தாளைப் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்கக் கூடாது என்று மயிலாத்தாள் நினைத்தாள். உண்மையைச் சொல்லி நாலு பேர் கழன்றுபோனாலும் முதலில் கனக்கப் போவது அந்தக் கிழவிக்குத்தானே. பாவாத்தாள் கடைசி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எலும்பும் தோலுமாக ஆகியிருந்தாலும் வாய் மட்டும் குறையவில்லை.

"யாரு? முத்துக்காரியா? என்ற காதுல முத்து கழண்டுருச்சுன்னு வந்தியாக்கும்?"

"சும்மா பாக்க வந்தனுங்க பெரீம்மா."

கிழவி தலையைத் திருப்பி அவளை வெகுநேரம் பார்த்தாள். "சும்மா பாக்கவா? நான் படுத்து ஒன்றரை வருசமாச்சு. சும்மா பாக்க வந்த மொத ஆளு நீதான்."

மயிலாத்தாளுக்கு முகம் சுருங்கிப்போனது. கிழவி சிரித்தாள்.

"அழுவாத. உங்களச் சொல்லிக் குத்தமில்ல. எல்லாரும் என்ற வலியத் தூக்கறீங்க, அது எவ்வளவு பெருசு. ஆனா ஒருத்தராச்சும் வந்து 'எப்படி இருக்கறே'ன்னு கேக்கறீங்களா? எதுக்குக் கேக்கோணும், அதான் தெரியுமே. சோறு கொண்டாந்து வெக்கிற புள்ளைகூட அவ இடுப்பத் தொட்டுப் பாத்துக்கிட்டு, 'இன்னிக்குப் பரவால்ல'ன்னு எனக்கே சொல்லீட்டுப் போறா."

மயிலாத்தாள் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சேகண்டி, திங்கட்கிழமை, சிவந்த புள்ளிகள். பல்வலி, மனவலி என்ற வித்தியாசம் முத்துக்குத் தெரியாது, நரம்பு துடித்தால் அனுப்பிவிடும் என்றாள். இந்த அறையிலும் ஒரு புள்ளி சிவந்திருந்தது என்றும் சொன்னாள்.

"என்ற தங்கச்சி போயிப் பதினாலு வருசம்," என்றாள் கிழவி. "ரெண்டு தட்டு கேட்டா அவளோன்னு இருக்கும். விஷம்னு சொன்னாங்க, சரி விஷந்தான்னு கெடந்தேன். பாசம்னு நெனச்சா எந்திரிச்சுப் போயிப் பாக்கத் தோணுமல்ல? விஷம்னா படுத்துக்கலாம்."

"நான் சொன்னா ஆளுக போயிருவாங்க. உங்களுக்கு வலி ஏறிருமுங்க."

"ஏறட்டுமே. எனக்கென்ன, கல்யாணமா நின்னுபோகப் போகுது?" மூச்சு வாங்கினாள். பிறகு குரல் இறங்கியது. "பயமாத்தான் இருக்குது மயிலா. இல்லேன்னு சொன்னாப் பொய்யி. ஆனா உம்புள்ளயோட வயித்தையும் என்ற இடுப்பையும் தராசுல வெச்சுப் பாக்கறதுக்கு நான் யாரு? நீ பாத்ததச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலை சபை கூடியது. பாட்டு முடிந்ததும் மூப்பர் எழுந்து நின்றார். "நம்ம முத்துக்காரி பாத்துட்டு வந்துருக்கறா. விஷம் எந்த வழியா வருதுன்னு சொல்லுவா. கேளுங்க."

மயிலாத்தாள் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். இருநூறு முகங்களும் அவளுக்குத் தெரிந்த முகங்கள். ஒவ்வொருவர் காதின் பின்புறமும் அவள் கை பட்ட இடம். பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அந்த நேரத்தில் தோன்றியது. வாசல் வழியாக வருகிறது என்று மூன்றே வார்த்தை. எல்லோரும் நிம்மதியாக மூட்டை கட்டுவார்கள்.

"விஷம் இல்லீங்க," என்றாள்.

சலசலப்பு அடங்கக் காத்திருந்தாள்.

"வெளிய இருந்து ஒண்ணுமே வரல. அந்த வலி நம்மளுது. ரெண்டு தட்டுத் தட்டுனா அவங்கவங்களுக்கு அவங்கவங்க ஆளு ஞாபகம் வருது. அண்ணனோ, மகளோ, கூடப் படுத்து எந்திரிச்சவங்களோ. செத்தவங்களுக்கு மூணு நாள் பாடி அழுவறோம். போனவங்களுக்கு அழுவக் கூடாதுன்னு வெச்சிருக்கறோம். அழுவாதது எங்க போகும்? நெஞ்சுக்குள்ள கெடக்குது. நாம தேடறோம், அவ்வளவுதான். இருநூத்திப் பதினாறு பேரும் தேடறோம்."

தறிக்கூடத்து ராமாயி எழுந்தாள். "பொய்யி! நான் எம்மவள நெனைக்கறதே இல்ல. நெனச்சதே இல்ல. ஆறு வருசமாச்சு, அவ மூஞ்சிகூட எனக்கு..." கண்ணீர் தாடையில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, அது தன்னுடையது இல்லை என்பது போல.

"நான் சொல்றத நம்ப வேண்டாங்க. இதுல இருக்குது. நீங்களே பாருங்க." மயிலாத்தாள் பலகையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

அப்போதுதான் அது நடந்தது. முன்வரிசையில் இருந்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். யாருடையது என்று கேளாதே. அடுத்தவரும் மூடினார். வரிசை வரிசையாக, காற்றில் பயிர் சாய்வது போல, சபை முழுவதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தது. ராமாயி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மயிலாத்தாள் பலகையைத் தூக்கிப் பிடித்தபடி, பார்க்க ஒருவரும் இல்லாமல் நின்றாள்.

கண்ணை மூடியபடியே பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். "வாசல்ல போயி அவகிட்டப் பேசிருக்கறா. காளியண்ணன் கேட்டிருக்கறாரு. முத்துக்காரிக்கே விஷம் ஏறிருச்சு."

"ஏறிருச்சு," என்றது இன்னொரு குரல். அதில் கோபத்தைவிட ஆறுதல் அதிகமாக இருந்தது. அப்பாடா, காரணம் கிடைத்துவிட்டது. பாவம், அவர்களைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இத்தனை வருஷத்து வலியை ஒரே காலையில் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ள யாரால் முடியும்?

கழற்றும் வேலையை மூப்பர்தான் செய்ய வேண்டும். அது முறை. சபைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் மயிலாத்தாள் முக்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். அங்கே அவர்கள் இரண்டு பேர்தான். நஞ்சப்பன் இடுக்கியை எடுத்தார். எடுத்தவர் திரும்பவும் வைத்தார்.

"சாயங்காலத்துக்குள்ள, பட்டறையில என்கூட இருக்கற ருக்குமணிக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தர்றனுங்க," என்றாள் மயிலாத்தாள். "பாவாத்தாப் பெரீம்மா முத்து கொஞ்சம் லூசா இருக்குது. அத மட்டும் தெனம் பாக்கச் சொல்லுங்க. போறவங்க முத்தை மட்டும் பாத்துட்டு வராம, பெரீம்மாகிட்டக் கொஞ்சம் உக்காந்து பேசீட்டு வரச் சொல்லுங்க."

அவர் அவளுடைய காது மடலை மெதுவாக முன்னால் மடித்துப் பிடித்தார். அவருடைய மூச்சு அவள் கழுத்தில் பட்டது. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அம்மிணி."

"சொல்லுங்க."

"அதுல... எல்லாத்துலயும் பெருசு எதுவா இருந்துச்சு? யாருது?"

இருபத்தாறு வருஷமாக அந்தக் கேள்வியை யாரும் கேட்டு அவள் கேட்டதில்லை. கேட்டவர் அந்தக் கட்டளையை வாரம் தவறாமல் வாசிக்கிறவர்.

மயிலாத்தாள் திரும்பாமலே சொன்னாள். "உங்களுதுங்க மூப்பரே. என்னுதவிடப் பெருசு."

அவருடைய மகன் விசாகன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் கிளம்பிப் போனான். அவன் பெயரை அவர் அதற்குப் பிறகு சொன்னதில்லை.

"ஒவ்வொரு தடவ தட்டறப்பவும்," என்றார் அவர், "எம்பையன்னு நெனச்சுக்குவேன். திரும்பிப் பாக்கலாம்னு கழுத்துவரைக்கும் வந்துரும்." இடுக்கி சில்லென்று பட்டது. ஒரு சின்ன முறுக்கு. முத்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. "திருப்பூர்ல இருக்கறானாம். பனியன் கம்பெனியில. எங்கியாச்சும் பாத்தீன்னா..."

துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். முகத்தையும் அதே துணியால் துடைத்தார். பிறகு கதவைத் திறந்து, காத்திருந்த கூட்டத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி கணீரென்று சொன்னார்: "கழன்றவள்!"

கொஞ்ச நேரம் முன்பு கண்ணை மூடியிருந்தவர்கள் இப்போது முதுகைத் திருப்பினார்கள்.

மாலை வெயில் சாயும் நேரத்தில் மயிலாத்தாள் ஒரு பையோடு வாசலைத் தாண்டினாள். பால்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்ததால் அமராவதி ஆட்டோவோடு ரோட்டு முனையில் நின்றாள். நிறைமாத வயிற்றோடு எதிரே நடந்து வந்து அம்மாவின் பையை வாங்கப் போனாள். மயிலாத்தாள் தரவில்லை. இரண்டு பேரும் இழுத்தார்கள். கடைசியில் பையின் பிடியை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

பத்தடி போயிருப்பார்கள். மயிலாத்தாள் சட்டென்று நின்றாள். வலது முழங்காலில் ஒன்று கிளம்பி, எலும்பைத் திருகிக்கொண்டு தொடைவரை ஏறியது. இடுப்பில் இன்னொன்று. வருஷக்கணக்காக இருந்திருக்க வேண்டும்; பகலெல்லாம் பட்டறையில் உட்கார்ந்தே இருந்ததில் தெரியவில்லை. எத்தனையோ பேருக்கு எறும்பாக ஊர்ந்துகொண்டிருந்தது இன்றைக்கு முழுசாக வீடு திரும்பியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலைப் பிடித்துக் குனிந்தாள்.

"என்னம்மா?" அமராவதி பதறிப்போய்த் தோளைப் பிடித்தாள். "எங்க வலிக்குது?"

மயிலாத்தாள் கையை எடுக்காமல், அந்த முழங்காலைப் புதிதாகப் பிறந்த எதையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இங்க கண்ணு. நல்லாத்தான் வலிக்குது," என்றாள். "என்னுதுதான்."